மதி இல்லமும் பதினான்கு நாளும்

எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னால், கிணற்றுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவில், ஓடு போட்ட ஒரு நீள அறை இருந்தது. உள்ளே ஆறு கட்டில்கள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே இரண்டே முக்கால் அடி, அளந்துதான் சொல்கிறேன். மிஷன் ஆசுபத்திரியில் முப்பத்திரண்டு வருடம் மருந்து கலக்கிக் கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு கம்பவுண்டர் அந்த அறையை நடத்திவந்தார். குடியை விட முடியாதவர்களும் மனம் தடுமாறியவர்களும் அங்கே வருவார்கள். இரண்டு வகையினரையும் ஒன்றாக வைக்கலாமா என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"பிரிக்கணுமெங்கில் இன்னொரு அறை வேணும். நீரு கெட்டித் தாரீரா ஓய்?" என்றார்.

அவருக்கு இரண்டே சட்டங்கள். ஒன்று, யாரையும் கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டக்கூடாது. இரண்டு, வந்தவர் நாற்பது நாள் இருக்க வேண்டும். கதவுக்குப் பூட்டு கிடையாது. போகிறேன் என்றால் போகலாம். ஆனால் நாற்பதுக்கு முன் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள், அல்லது கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள் என்று சொல்லுவார். மருந்தை மிஷன் ஆசுபத்திரி கொடுத்தது. அரிசிக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் மண்ணெண்ணெய்க்கும் நெய்யாற்றின்கரைத் தாலுகா அலுவலகத்திலிருந்து வருடத்துக்கு இரண்டு தவணையாக ஓர் உதவித்தொகை வரும். அது வந்தால் அடுப்பு எரியும். வராவிட்டால் கட்டில்களை மடக்க வேண்டியதுதான்.

அவை எல்லைப் போராட்டத்தின் ஆண்டுகள். தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பாறசாலைச் சந்தை வரைக்கும் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் ஒரே வேலியின் இந்தப் பக்கம் தமிழ் வீடு, அந்தப் பக்கம் மலையாள வீடு. கொச்சுப் பிள்ளைகள்கூட இரண்டு மொழியிலும் சண்டை போடும். நான் கொல்லயிலில் மிஷன் பள்ளி வாத்தியார், வயது இருபத்தாறு. சந்தைக்கு அடுத்த தையல் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்த அலுவலகத்துக்கும் இனி மலையாளத்தில் மனு எழுதமாட்டோம் என்று நாற்பத்து மூன்று பேர் அதில் கையெழுத்துப் போட்டோம். என்னுடையது பதினேழாவது. நாங்கள் கேட்டது பெரிய காரியம் இல்லை. எங்கள் மொழியில் எழுதினால் எங்கள் அலுவலகம் அதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்த வருடம் உதவித்தொகையைப் புதுப்பிக்க இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதுவரை அதற்குப் பெயர் இல்லை. ஊரில் 'பிராந்தாசுபத்திரி' என்பார்கள்; எங்கள் பேச்சில் பிராந்து என்றால் பைத்தியம். இன்னும் சிலர் 'குடியன்மாருக்க கொட்டகை' என்பார்கள். இரண்டையும் மனுவில் எழுத முடியாது. கம்பவுண்டர் என்னிடம் பொறுப்பை விட்டார். மூன்று நாள் யோசித்தேன். பதினோரு பெயர்கள் எழுதிப் பத்தை அடித்தேன். மிச்சம் நின்றது 'மதி இல்லம்'. மதி என்றால் அறிவு, மனம்; நிலவும்தான். நல்ல தமிழ், இரண்டே சொல், ஒரு வடமொழி எழுத்தும் இல்லை. பலகையும் நானே எழுதினேன். மனுவின் தலைப்பில் 'மதி இல்லம் உதவித்தொகை' என்று எழுதி நெய்யாற்றின்கரைக்கு அனுப்பினேன்.

பலகையை முதலில் வாசித்தவர் கோயில் மணி அடிக்கிறவர். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"மதி... இல்ல... ஓய் வாத்தியாரே, குடியனுக்க வாசல்லயா இத எழுதி வைக்கியது? மதி இல்ல, இன்னும் ஊத்துண்ணா?"

எங்கள் ஊரில் போதும் என்பதற்கு 'மதி' என்போம். மலையாளத்திலும் அதுதான். அன்று மத்தியானம்கூட, சோறு போடும்போது இலைக்குக் குறுக்கே கையை நீட்டி "மதி, மதி" என்று தடுத்தவன் நான். அப்படியிருந்தும் பெயர் வைக்கும்போது அந்த அர்த்தம் ஒரு தடவையும் மனசில் வரவில்லை. பேசுகிற மொழியை ஓர் அறையிலும் எழுதுகிற மொழியை இன்னோர் அறையிலும் பூட்டி வைத்திருந்தேன் போலும். "இல்ல என்று இல்லை, இல்லம்" என்று அவருக்கு விளக்கினேன்.

"அந்த ம்முக்கு மேல புள்ளி காணல்லியே" என்றார்.

புள்ளியைப் பெரிதாக்கினேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாளில் என் அண்ணன் அந்த அறைக்கு வந்து சேர்ந்தார். அண்ணன் நாகர்கோவில் பாதையில் பஸ் ஓட்டியவர். வளைவு தெரிந்த கை என்று பேர் வாங்கியவர். தோப்புகளுக்குள் ஒளித்து வாற்றுகிற சாராயம் அவரைப் பிடித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. வேலை போனது. இரண்டு தடவை வீட்டிலேயே நிறுத்திப் பார்த்தார். இரண்டு தடவையும் மூன்றாம் நாள் கையில் எறும்பு ஏறுகிறது என்று சொல்லித் தோலைப் பிய்த்தார். இரண்டாம் தடவை மயினியை, அதாவது அண்ணன் மனைவியை, யாரோ என்று நினைத்து வெட்டுக்கத்தியோடு துரத்தினார். மயினி இரண்டு பெண் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தார். மறுநாள் காலை, தெளிந்திருந்த ஒரு மணி நேரத்தில், அண்ணன் தானாகவே கம்பவுண்டரிடம் நடந்து போனார். இரண்டாவது கட்டில்.

முதல் ஏழு நாள் எப்படிப் போனது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்பதாம் நாள் கை நடுக்கம் நின்றது. பத்தாம் நாள் கிணற்றில் தண்ணீர் கோரினார். பதினொன்றாம் நாள் மற்றவர்களோடு உட்கார்ந்து ஓலை முடைந்தார். பன்னிரண்டாம் நாள் நெய்யாற்றின்கரையிலிருந்து கடிதம் வந்தது.

கடிதம் மலையாளத்தில் இருந்தது. வழங்கிவரும் தொகை போதாது என்று தாங்கள் தெரிவித்திருப்பதால், தொகையை உயர்த்துவது பற்றி எல்லைப் பிரச்சினை முடிந்தபின் பரிசீலிக்கப்படும். அதுவரை வழங்கல் நிறுத்தி வைக்கப்படுகிறது. இவ்வளவுதான். நான்கு தடவை வாசித்தேன். போதாது என்று நாங்கள் எங்கே சொன்னோம்?

கம்பவுண்டர் அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஆழம் பார்த்தார். "பதினாலு நாளு ஓடும். அதுக்குப் பொறவு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பணும்" என்றார்.

பன்னிரண்டும் பதினாலும் இருபத்தாறு. நாற்பதுக்குப் பதினாலு நாள் குறைகிறது. வழி நெடுக இந்தக் கணக்கை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு தடவைகூடக் குறைவு பதிமூன்றாகவில்லை.

மறுநாள் நெய்யாற்றின்கரை போனேன். உதவித்தொகை பார்க்கிற குமாஸ்தா விடுப்பு. பதினைந்தாம் நாள் மறுபடி போனேன். இருந்தார். ஐம்பது வயசு இருக்கும், மலையாளி, மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார்.

"நிங்ஙள் தன்னே எழுதியதல்லே மாஷே, தொக மதியில்லான்னு?" என்றார். தொகை போதாது என்று நீங்களேதானே எழுதினீர்கள் வாத்தியாரே என்று கேட்கிறார்.

கோப்பைத் திறந்து காட்டினார். என் தமிழ் மனு, அதன் மேல் மலையாளத்தில் ஒரு குறிப்பு. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எங்கள் பக்கத்திலிருந்து வந்த பியூன் ஒருவர் சத்தமாக வாசிக்க, கேட்டதைக் கேட்டபடி குறித்திருக்கிறார். 'மதி இல்லம் உதவித்தொகை' என்பதைப் பியூன் வாசித்திருக்கிறார்: மதியில்ல, உதவித்தொகை. அதன் கீழே நான் அழகாக எழுதிய ஒன்றரைப் பக்கத்தை வாசிக்க இருவருக்கும் பொறுமை இருந்திருக்காது. பியூனைக் கூப்பிட்டார்கள்.

"நான் உள்ளதத்தான் வாசிச்சேன் சாறே" என்றார் அவர். "கடைசில ஒரு ம் உண்டா இல்லியாண்ணு ஆரு பாத்தா?"

புள்ளியைப் பலகையில் பெரிதாக்கினேனே தவிர மனுவில் பெரிதாக்கவில்லை.

தொகை போதாது என்று சொல்கிற மனுக்கள் ஒரு தனி அடுக்கு. எல்லை முடிவாகும்வரை அந்த அடுக்கை யாரும் தொடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. புது மனு கொடுத்தால் அன்றைக்கே ரசீது தருவதாகவும், பணம் வர எப்படியும் ஒன்றரை மாதம் ஆகும் என்றும் குமாஸ்தா சொன்னார். ஆனால் மனு மலையாளத்தில் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் மேலே போகும். மேலே போனது கீழே இறங்க மாசக்கணக்கு ஆகும்.

"ஒரு வரி மதி, மாஷே" என்றார். ஒரு வரி போதுமாம். அந்தச் சொல்லை அன்று இன்னொரு தடவை கேட்கிற நிலையில் நான் இல்லை.

தமிழில் வருவதை வாசிக்க ஓர் ஆளை நியமிப்பது உங்கள் கடமை என்று சொன்னேன். "ஷெரியாணு" என்று ஒத்துக்கொண்டார். ஆள் வேண்டும் என்று தானும் மேலே எழுதலாம், அந்தக் காகிதமும் இதே அடுக்கில்தான் வந்து உட்காரும் என்றார். அவர் கேலி பண்ணவில்லை. அடுக்கின் உயரத்தைக் கையால் காட்டினார். மேசையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் இருந்தது.

எழுதாமல் திரும்பினேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. இந்த நாலு நாளும் நான் எழுதவில்லை. பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் சந்தைக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சபை மூப்பர்களிடம் அரிசி கேட்டேன். அரசாங்கமே கைவிட்ட இடத்துக்குச் சபை எத்தனை நாள் போட முடியும், பணம் வரும் என்று ஒரு காகிதம் காட்டு, பிறகு பார்ப்போம் என்றார்கள். ஆக, எல்லாம் அந்த ரசீதில் வந்து நின்றது.

பத்தொன்பதாம் நாள் மயினி வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, கம்பவுண்டர் எல்லாம் சொன்னாரு. நான் ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க மயினி."

"உனக்க அண்ணன் பிராந்து பிடிச்சு ஆடினப்போ என்னைத் தமிழிலயா ஏசினாரு, மலையாளத்திலயா?"

நான் யோசித்தேன். "ரெண்டிலயும்."

"எனக்கு அடியும் ரெண்டிலயும் கிட்டினதாக்கும். நீ ஒண்ணுல எழுதிக் குடுத்தா மதி. எதுலயாவது."

இவ்வளவு சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நேரமாச்சு என்று போய்விட்டார்.

இருபதாம் நாள் விடியற்காலையில் எழுதினேன். என் மலையாளம் மோசமில்லை. பள்ளியில் அதற்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். பெயர் எழுதும் இடத்தில் அறிவும் நிலவும் வரவில்லை. 'குடி நிறுத்துகிறவர்களும் மனசு சுகமில்லாதவர்களும் தங்கும் கோயில் வக வீடு' என்று எழுதினேன். எட்டுச் சொற்கள்; வக என்றால் உடைமை. கையெழுத்தைத் தமிழில் போட்டேன். அதை யாரும் தடுக்கவில்லை. பத்தரை மணி பஸ்ஸில் போய் ரசீதோடு ஒன்றேகால் மணிக்குத் திரும்பினேன். பலகையிலும் பழைய பெயரின் மேல் வெள்ளை அடித்து அந்த எட்டுச் சொற்களை இரண்டு எழுத்திலும் எழுதினேன்.

கம்பவுண்டர் பார்த்துக்கொண்டு நின்றார். "இதெ முதல்லயே எழுதப்பிடாதா? மூணு நாளு யோசிச்சீரு இல்லியா?"

பிறகு தையல் கடைக்குப் போனேன். மற்றவர்கள் சொல்லித் தெரிவதற்கு முன் நானே சொல்ல வேண்டும். தையல்காரர் எங்கள் சபைக்காரர், என் வயதுதான். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். நோட்டை எடுத்தார். "அண்ணனுக்கு சுகமில்லாததுனாலண்ணு பக்கத்துல எழுதட்டா?"

"வேண்டாம். எழுதினேன், அவ்வளவுதான். என் பேர அடியும்."

அளவு போடுகிற நீலப் பென்சிலால் பதினேழை அடித்தார். அன்று முதல் ஆறேழு மாதம் சந்தையில் என்னை மலையாள மாஷே என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களின் மனுக்களைப் பிற்பாடு நானே எழுதிக்கொடுத்தேன், தமிழிலும் மலையாளத்திலும், இரண்டு பிரதியாக.

ரசீதைப் பார்த்ததும் மூப்பர்கள் பிடியரிசிக்குச் சம்மதித்தார்கள். எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். இருபத்தேழாம் நாளிலிருந்து பதினாலு நாள் அந்த அரிசி கட்டில்களுக்கு. ஆனால் ஞாயிறு வரை காத்திருக்க முடியாது. தினமும் வீடு வீடாகப் போய் வாங்க வேண்டும். அதற்கு மயினி போனார். எந்த வீடுகளின் வாசலில் அவர் புருஷன் விழுந்து கிடந்தாரோ, அதே வாசல்களில் பையோடு நின்றார். சிலர் வாயை மூடிக்கொண்டு போட்டார்கள். சிலர் பேசிக்கொண்டே போட்டார்கள். தையல்காரர் வீட்டிலிருந்து தினமும் இரண்டு பிடி வந்தது. மொத்தம் அறுபத்தொரு வீடு.

மயினி பையோடு வாசலில் நுழைவதை இருபத்தொன்பதாம் நாள் அண்ணன் பார்த்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன்.

"எலே, நான் தின்னியது ஆருக்க சோறு?"

"சபைக்க சோறு."

"எத்தன வீடு?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு எண்ணிக்கையில் பொய் வராது. "அறுபத்தொண்ணு."

அவர் முடைந்துகொண்டிருந்த ஓலையைக் கீழே வைத்தார். உள்ளே போய் வேட்டியை மாற்றி, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். முகம் கறுத்திருந்தது. கம்பவுண்டர் எழுந்திருக்கவில்லை. பதினோரு நாள் மிச்சம். கதவுக்குப் பூட்டில்லை என்ற அந்த ஏற்பாட்டை அன்றைக்கு முதல் தடவையாக வெறுத்தேன். போகிற வழியில் தோப்பு இருக்கிறது. அண்ணன் வீடு போய்ச் சேரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மயினி வாசலை மறிக்கவில்லை. ஒதுங்கி வழி விட்டார். பையை மட்டும் நீட்டினார்.

"போவணுமெங்கில் போங்க. இதையும் கொண்டு போங்க. அறுபத்தொண்ணு வீட்டிலயும் ஏறி, நேத்து வரைக்கும் தின்னதயும் சேத்து, அவியவியளுக்க அரிசிய அவியவியளுக்கு எண்ணிக் குடுத்துட்டு, பொறவு எங்க வேணுமெங்கிலும் போங்க."

அண்ணன் பையைப் பார்த்தார். உள்ளே புழுங்கலும் பச்சையும், சிவப்பும் வெள்ளையும், சம்பாவும் நொய்யுமாகக் கலந்து கிடந்தது. எந்தப் பிடி எந்த வீட்டுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது.

"இத எப்பிடி எண்ணியது?" என்றார், என்னைப் பார்த்து. நிஜமாகவே கேட்டார்.

"முடியாது" என்றேன்.

அண்ணன் தோளிலிருந்து சட்டையை எடுத்தார். பிறகு பையை வாங்கி அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போனார். அன்று மாலை வரை தண்ணீர் கோரிக்கொண்டே இருந்தார். தொட்டி நிறைந்து வழிந்தது. கம்பவுண்டர் யாரையும் அவரிடம் போகவிடவில்லை.

நாற்பதாம் நாள் அண்ணன் வீட்டுக்குப் போனார். மேளமோ மாலையோ கிடையாது. மயினி முன்னால், அண்ணன் நடுவில், நான் பின்னால். தோப்பு வேலி வந்ததும் நான் முணுமுணுத்து அடி எண்ணியது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"நீ எண்ணாத எலே. உனக்க எண்ணம் கேட்டு எனக்குக் காலு பிசகுது."

வாயை மூடிக்கொண்டேன். வேலி தாண்டிப் போனோம்.

ரசீது வாங்கி ஏழு வாரம் கழித்து உதவித்தொகை வந்தது; அதுவரை மூப்பர்கள் பிடியரிசியை நிறுத்தவில்லை. அதன் பிறகு எல்லை முடிவாயிற்று. விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது. நாங்கள் மலையாளப் பக்கமே நின்றோம். ஒவ்வொரு வருடமும் மனு நான் எழுதினேன். ஒருமுறை தாமதமானபோது நாலு தடவை நேரில் போனேன். ஒருமுறை ஆறு தடவை. கட்டில் ஆறு எட்டாயிற்று. மனு தவறிய வருடம் ஒன்றும் இல்லை.

தவறாமல் பார்த்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. நாற்பது நாள் முடித்து வந்த அண்ணன் பதினாறு மாதம் குடிக்கவில்லை. லாரி ஓட்டினார். மூத்த மகளுக்குக் கம்மல் வாங்கினார். பதினேழாம் மாதம், கள்ளிக்காட்டில் அணைக்கட்டு வேலைக்குக் கல் இறக்கப் போன இடத்தில் குடித்துவிட்டார். மூன்று நாள் கழித்து என் வாசலில் வந்து நின்றார். சட்டையில் பட்டன் இல்லை. சைக்கிளை எடுக்காமல் அவரோடு கோயிலுக்கு நடந்தேன். வழியெல்லாம் ஒரே கவலை: கட்டில் இருக்குமா?

கம்பவுண்டர் மருந்துப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். ஆச்சரியப்படவும் இல்லை, திட்டவும் இல்லை.

"ரெண்டாவதுல ஆளு உண்டு. நாலாவது ஒழிஞ்சு கெடக்கு" என்றார். "செருப்ப வெளிய விடு மக்கா."

அண்ணன் செருப்பை வெளியே விட்டார்.